கசங்காத அட்டை

காலி மாத்திரை அட்டையை யார் கொடுத்தாலும், முந்தானையில் முடிவதற்கு முன் இசக்கியம்மாள் கட்டைவிரலால் அதை ஒரு தடவை தடவிப் பார்ப்பாள். யாரும் சொல்லித் தந்த வழக்கமில்லை. ராஜபாளையத்தில் டாக்டர் வைகுண்டராஜின் ஆஸ்பத்திரியில் ஊசி அவித்து வைக்கவும் டோக்கன் கூப்பிடவும் சேர்ந்த எண்பத்து மூன்றாம் வருஷத்திலிருந்தே அப்படித்தான்.

தினமும் தேவதானத்திலிருந்து பஸ்ஸில் போய்வருகிறவள் என்பதால், மாசாமாசம் மாத்திரை வேண்டிய ஊர்க்காரர்கள் தீர்ந்த அட்டையை அவளிடமே கொடுத்துவிடுவார்கள். மதியம் கூட்டம் குறைந்ததும் அவற்றை டாக்டர் மேஜையில் பரப்பி வைப்பாள். யாருக்கு எது என்று மெல்லிய குரலில் சொல்வாள். அவர் மறுபடி சீட்டு எழுதுவார். சாயங்காலம் மாத்திரை ஊருக்கு வந்துவிடும். அட்டையில் இருக்கும் இங்கிலீஷ் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. பரிபூரணத்தின் அட்டையில் தோசைமாவு காய்ந்திருக்கும். மாரிச்சாமியுடையது வெற்றிலைப் பையில் கிடந்து கசங்கி, புகையிலை வாடை அடிக்கும்.

டிரைவர் இருளப்பசாமியின் அட்டை மட்டும் மொடமொடவென்று இருக்கும்.

அவள் போகிற பஸ்ஸை ஓட்டுகிறவர் அவர்தான். அது ராஜபாளையம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போகும். இசக்கியம்மாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். டாக்டர் ஒரே ஒரு தடவை அவரைப் பார்த்து, ரத்தக்கொதிப்பு என்று எழுதிக் கொடுத்ததோடு சரி. பிறகெல்லாம் அட்டை வழிதான். ஒரு மாசம் பையில் கிடந்த அட்டை புதுசு போலவே இருக்குமா? அவளுக்கு உறுத்தியது. ஒருநாள் பஸ் எடுக்குமுன் கேட்டுவிட்டாள்.

"அண்ணே, மாத்திரையத் தின்னுதியளா?"

"தின்னாமலா அட்டை காலியாகுது?"

"மொத்தமாப் பிதுக்கி எறிஞ்சாலும் காலியாகும்."

கண்டக்டர் காளிராஜ் சிரித்தான். "அக்கா சிஐடி வேலைக்குப் போயிருக்கணும்!"

அவன் டிக்கெட் போடப் பின்னால் போனதும் டிரைவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஏட்டி, அதத் தின்னா சும்மா சும்மா ஒண்ணுக்கு வருது. தேர்க்கூட்டத்துல வண்டிய நடுரோட்டுல போட்டுட்டு நான் எந்தச் சொவரத் தேடிப் போவேன்?"

"டாக்டர்ட்ட வந்து சொல்லுங்க."

"வண்டி ஓட்டக் கூடாதுன்னு எழுதிட்டாருன்னா? மொதலாளி மறுநாளே வேற ஆளப் போட்டிருவாரு."

"பொறவு எதுக்கு மாசாமாசம் வாங்குதிய?"

"வேண்டாம்னா நீ மொகத்தத் தூக்கி வச்சுக்கிடுவியே."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஆனால் அந்த வாரமே ஒரு சாயங்காலம், சேத்தூர் தாண்டி ஓர் ஆடு குறுக்கே ஓடியபோது பிரேக் தாமதமாக விழுந்தது. ஆடு தப்பியது. பஸ்ஸில் இருந்தவர்கள் முன்சீட்டில் போய் மோதிக்கொண்டார்கள். "கண்ணு இருட்டிட்டு வந்துச்சு," என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி இருளப்பசாமி சொன்னார்.

மறுநாள் அவள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அத்தனை நீளமாக அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. "ஆள் நேர்ல வரணும். வராம இனிமே சீட்டு கிடையாது," என்றார் அவர்.

அதைக் கேட்டதும் இருளப்பசாமி அவளிடம் பேச்சை நிறுத்தினார். அடுத்த நாள் காலை ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் பஸ்ஸை நிறுத்தி, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

"நீங்க வாரேன்னு சொல்லாம நான் எறங்க மாட்டேன்."

"யம்மா, மில்லுக்கு நேரமாச்சு, எறங்கும்மா!" என்று பின்னாலிருந்து சத்தம் கிளம்பியது. காளிராஜ் விசிலை வாயில் வைத்தபடி முழித்தான். நாலு பேர் நிமிர்ந்து பார்த்தாலே சேலைத் தலைப்பைத் திருகுகிறவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

"சாயந்தரம் வாரேன் தாயி. எறங்கு, மானம் போகுது!"

சொன்னபடி காக்கிச் சட்டையோடு வந்தார். டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் கொதிப்பைப் பார்த்துவிட்டு அதட்டினார்: "முன்னமே சொல்லியிருந்தா வேற மாத்திரை எழுதியிருப்பேனேய்யா. கொதிப்பு இறங்குற வரைக்கும் வண்டியத் தொடக் கூடாது."

இருளப்பசாமி வீட்டில் இருந்த நாட்களில் முதலாளி வேறொருவரைப் போட்டார். இசக்கியம்மாளுக்கு அந்தப் புது முதுகைப் பார்த்துக்கொண்டு போகவே பிடிக்கவில்லை. கொதிப்பு இறங்கியதும், ஓட்டலாம் என்று டாக்டரே எழுதிக் கொடுத்தார். முதலாளி வண்டியைத் திரும்பக் கொடுத்தார்.

இப்போது தொண்ணூற்றாறு. இருளப்பசாமி அதே பஸ்ஸைத்தான் ஓட்டுகிறார். மாத்திரைக்கு மாசாமாசம் அவரே ஆஸ்பத்திரிக்கு வருகிறார். மற்றவர்களுக்கு இன்னமும் இசக்கியம்மாள்தான் வாங்கி வருகிறாள்.