பூவைக் காட்டிய ஞாயிறு

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையை நேரலையாக ஒளிபரப்பும் வேலையை ஐந்து வருடம் நான்தான் பார்த்தேன். கொரோனா காலத்தில் ஆலயம் மூடிக் கிடந்தபோது ஒரு செல்போனை முக்காலியில் மாட்டி ஆரம்பித்தது. ஆலயம் திறந்த பிறகும் நிற்கவில்லை. இரண்டு கேமரா வந்தது, லேப்டாப் வந்தது, மாடியில் எனக்கென்று ஒரு மேசையும் வந்தது. கிழக்குத் தாம்பரத்தில் குடிவந்த நாளிலிருந்து நானும் என் மனைவியும் இடப்பக்கம் நான்காவது பெஞ்சில் சேர்ந்துதான் உட்காருவோம். பிறகு அவள் கீழே, நான் மேலே என்றாகிவிட்டது.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பது சும்மா வார்த்தை. பைத்தியமாக இருந்தேன். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாத கீறல் என் கண்ணில் பட்டுவிடும். பட்டால் அந்தப் பாகம் கழிவுக்குப் போக வேண்டியதுதான். அதே கண்ணை மாடிக்கும் கொண்டுபோனேன். பாடகர் குழுவில் ஒருவர் கொட்டாவி விட்டால் காட்சியை மாற்றுவேன். குழந்தை அழுதுகொண்டு நடுவழியில் ஓடினாலும் மாற்றுவேன். திரையின் ஓரத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண் இருக்கும். ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருக்க, நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன். தோஹாவிலிருந்து யாராவது ‘படம் ரொம்பத் தெளிவா இருக்கு பிரதர்’ என்று எழுதிவிட்டால், அன்று மத்தியானம் சோறு இரண்டு கை கூடுதலாக இறங்கும்.

என் மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்தவள். மாதத்தில் ஒரு ஞாயிறு ஆலயத்தில் வேதபாடம் வாசிப்பது அவள் முறை. இழுக்காமல், குரலை உயர்த்தாமல், கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி வாசிப்பாள். போன வருடம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தாள், கையும் தேறியது. ஆனால் வாயின் வலது ஓரம் கீழே இழுத்துக்கொண்டது, பேச்சு குழறியது. வேலையை விட்டாள். அதற்குக்கூட அவள் அழவில்லை.

“மறுபடியும் சர்ச்சுல வாசிக்கணுங்க. எனக்கு அது போதும்” என்றாள்.

அதற்காக எட்டு மாதம் பாடுபட்டாள். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு தடவை மேடவாக்கம் போவாள். தண்ணீர் லாரிகளுக்கு நடுவில் ஆட்டோ நின்று நின்று போகும், வீடு திரும்பும்போது சோர்ந்து போயிருப்பாள். அப்படியும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து வாசிப்பாள். எச்சில் வழிந்தால் துடைத்துக்கொண்டு மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குவாள். ஒருநாள் போதகர் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டு, “நல்லாப் புரியுதும்மா. வர்ற ஞாயிறு நீங்களே வாசிங்க” என்றார். அவர் போனதும் பீரோவைத் திறந்து மூன்று புடவைகளை எடுத்து, எதைக் கட்டலாம் என்று என்னிடம் கேட்டாள். நீலத்தைக் காட்டினேன்.

அந்த ஞாயிறு, நீலப் புடவையில், அவள் எழுந்து மெதுவாக வாசிக்கும் இடத்துக்கு நடந்து போனாள். நான் வழக்கப்படி கேமராவை நெருக்கமாக வைத்தேன். திரையில் அவள் முகம் வந்தது. தினமும் பார்க்கிற முகம்தான். ஆனால் திரையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வாயோரம் மட்டுமே. ஊர் உலகமெல்லாம் பார்க்குமே என்று நினைத்தேன். விரல் தானாகப் போனது. பீடத்தின் மேலிருந்த பூச்சாடிக்குக் காட்சியை மாற்றினேன். அவள் வாசித்து முடித்து இறங்கும்வரை உலகத்துக்கு வெள்ளைப் பூக்களைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றைய பிரசங்கம் இந்தக் காலத்து விக்கிரகங்களைப் பற்றியது. செல்போன், கார், சொந்த வீடு, பிள்ளைகளின் மார்க் என்று போதகர் சொல்லிக்கொண்டே போனார். மேலேயிருந்து எனக்கு எல்லோருடைய தலையும் தெரிந்தது. கேளம்பாக்கத்தில் வாங்கிய அபார்ட்மெண்டைப் பற்றி ஆறு மாதமாகப் பேசுகிறவர், மகனின் மார்க்கைச் சொல்லாமல் ஸ்தோத்திரம்கூடச் சொல்லாதவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு விக்கிரகத்தைப் பங்கு வைத்தேன். என் பங்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

மத்தியானம் சாப்பிட்டதும், “நான் வாசிச்சதைப் பாக்கணும்” என்று போனை எடுத்தாள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன். கூடத்திலிருந்து அவள் குரல் கேட்டது. குழறியது, ஆனால் ஒரு சொல்லைக்கூட விடவில்லை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள்.

“படம் வரலியாங்க?”

“ஆங்கிள் சரியா அமையலம்மா.”

போனைக் கவிழ்த்து வைத்தாள். “பாக்க நல்லா இல்லேன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே. நான் போயிருக்க மாட்டேன்” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தவறு செய்தவள்போலச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு செருப்பு மாட்டும்போது, “கேமராவுல எதுவரைக்கும் தெரியும்?” என்று கேட்டாள். நான் திரும்பி வீட்டைப் பூட்டினேன். அவளே கண்டுபிடித்து, பின்பக்கத் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். இரண்டு கேமராவையும் திருப்பித் திருப்பித் தேடினேன். அகப்படவில்லை. விக்கிரகம் எதுவானாலும் பலி கேட்கும் என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் விக்கிரகம் வாய் திறந்து கேட்கக்கூட இல்லை. எட்டு மாதம் பாடுபட்டவளை நானாகவே கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன்.

அன்றே போதகரிடம் எல்லாவற்றையும் சொல்லி, மாடிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். இப்போது வேறொருவர் பார்க்கிறார். நன்றாகவே செய்கிறார். அது கொஞ்சம் உறுத்துகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “அதையெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்” என்றாள். தூணுக்குப் பின்னால் அவள் பக்கத்தில்தான் இப்போது உட்காருகிறேன். பழைய இடத்துக்குப் போகலாம் என்றால், “இங்கதாங்க ஃபேன் காத்து நல்லா வருது” என்கிறாள். போதகர் இரண்டு தடவை வாசிக்கக் கூப்பிட்டார். தலையசைத்து மறுத்துவிட்டாள்.

வீட்டில் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. மகள் கல்யாணமாகிப் போன பிறகு நாங்கள் இரண்டே பேர். எப்போதும் அவள் வாசிப்பாள், நான் ஜெபிப்பேன். பக்கவாதம் வந்த பிறகும் அவள்தான் வாசித்தாள். அந்த ஞாயிறுக்குப் பிறகு வேதத்தை என் பக்கம் தள்ளிவிடுகிறாள். போன வாரம் அதைத் திருப்பி அவள் மடியில் வைத்தேன்.

“நீ வாசி. இங்க கேமரா எதுவும் இல்லையே” என்றேன்.

முந்தானையால் வாயோரத்தை மறைத்துக்கொண்டாள்.

“நீங்க இருக்கீங்களே” என்றாள்.

வேதத்தை எடுத்து நானே வாசித்தேன்.