பின் அச்சுக்கு முன்னால் இரண்டு அங்குலம்

தங்கை புருஷனின் பிக்கப் வண்டியில் துளை போட மாட்டேன் என்று வெர்னா கோசெக் மறுத்த அன்று, பட்டறையில் மூன்று வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூவருமே ஒரு காலத்தில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். இன்று இன்னொருத்தன் மாட்டினான் என்ற சந்தோஷத்தில் காபியை மெதுவாகக் குடித்தார்கள்.

"நாலு அங்குலம் பின்னால தள்ளி வைன்னு சொல்றேன். என் வண்டி," என்றான் டெல்பர்ட்.

"வண்டி உன்னுதுதான். ஓட்டை போடுற கை என்னுது. முடியாது."

வீடு போல இருக்கும் பெரிய ட்ரெய்லரை இழுக்க வேண்டுமானால் பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்குள் ஓர் இரும்புத் தட்டைப் பதிக்க வேண்டும். ட்ரெய்லரின் மூக்கு அந்தத் தட்டில் வந்து உட்காரும். தட்டு பின் சக்கர அச்சுக்கு நேர் மேலேயோ, ஓரிரு அங்குலம் முன்னாலோ இருக்கலாம். அச்சுக்குப் பின்னால் போனால் முன் சக்கரங்கள் இலேசாகிவிடும். காற்றடித்தால் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. மேற்கு நெப்ராஸ்காவில் காற்றடிக்காத நாள் ஏது? ஆனால் டெல்பர்ட்டின் வண்டித் தொட்டி குட்டை. தட்டைச் சரியான இடத்தில் வைத்தால், ஒடித்துத் திருப்பும்போது ட்ரெய்லரின் மூலை ஓட்டுநர் கேபினில் இடிக்கும். அதற்குத்தான் நாலு அங்குலம் கேட்டான்.

"முன்னும் பின்னும் நகர்ற மாதிரி தட்டு ஒண்ணு இருக்கு. அத வாங்கிப் போடு," என்றாள் வெர்னா.

"அது ஓட்டத் தெரியாதவனுக்கு."

"அப்ப உனக்குத்தான்."

மூவரில் ஒருவனுக்குப் புரையேறியது. டெல்பர்ட்டின் கழுத்து சிவந்தது. "இந்த வாயாலதான் உன் புருஷன் ஹாரி உன்னை விட்டு ஓடினான். ஊருக்கே தெரியும்."

"ஓடினவனாச்சும் வண்டிய நேரா ஓட்டிட்டுப் போனான். நீ கெளம்பு."

அவளுக்கு அப்போது அறுபத்தொரு வயது. முன்கைகள் இரண்டும் ஆண்பிள்ளைக் கை. தொண்ணூறு மைலுக்கு வேறு பட்டறை இல்லாததால்தான் அவளிடம் வந்தார்கள். பிடித்து யாரும் வரவில்லை. அவளும் யாரையும் பிடிக்க வைக்க முயன்றதில்லை.

முன்பெல்லாம் அவள் அப்படி இல்லை. கேட்ட இடத்தில் துளை போட்டுக் கொடுத்துவிட்டுச் சிரித்து அனுப்புவாள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் எமில் என்ற கிழவர் இதே மாதிரி குட்டை வண்டியோடு வந்து, "கொஞ்சம் பின்னால வைம்மா" என்றார். வைத்தாள். ஆறாவது நாள் மலை இறக்கத்தில் அவர் வண்டி பாதையை விட்டுப் போய்ப் பள்ளத்தில் கவிழ்ந்தது. எமில் பிழைத்தார். அவர் மனைவியின் வலது கை முழங்கைக்குக் கீழே போயிற்று. அவர்கள் வெர்னாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னால் வைக்கச் சொன்னது நான்தானே என்று எமில் சொல்லிவிட்டார். திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, நாடீனிடமும்கூட. நாடீன் அவள் தங்கை. அம்மாவின் வீட்டை விற்ற நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு அவ்வளவாக இல்லை.

புதன்கிழமை தபால் அலுவலகத்தில் சேதி கிடைத்தது. டெல்பர்ட் பக்கத்து வீட்டுக்காரனைச் சேர்த்துக்கொண்டு தன் கொட்டகையிலேயே தட்டைப் பதித்துவிட்டான். சனிக்கிழமை நாடீனோடு கொலராடோ மலைக்குக் கிளம்புகிறான்.

வியாழன் காலை வெர்னா கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போனாள். டெல்பர்ட் காரில் தீவனக் கடைக்குப் போயிருந்தான். பிக்கப் மட்டும் நின்றது. அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தாள். அச்சுக்குப் பின்னால் நாலரை அங்குலம். அரை அங்குலம் தாராளமாகவே போட்டிருந்தான். யாரையும் கேட்காமல் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

நாடீன் கைத்துணியோடு வெளியே வந்தாள். "என்ன பண்றே?"

"பாத்தா தெரியலயா?"

"அடுத்தவங்க வீட்டுக்குள்ள பூந்து வண்டியப் பிரிக்கிறே. போலீஸக் கூப்பிடட்டா?"

"கூப்பிடு. வர்றவனுக்கும் அளந்து காட்டுறேன்."

"சின்ன வயசுலேர்ந்து இதே கதை. எல்லாத்துலயும் நீ சொல்றதுதான் சரி. அம்மா சாகறப்பகூட மாத்திரை எந்த மேசையில இருக்கணும்னு சண்டை போட்டவ நீ."

"சரியான மேசையில இருந்திருந்தா ஏன் சண்டை போடறேன்?"

அந்த நேரத்தில் டெல்பர்ட்டின் கார் உள்ளே திரும்பியது. தட்டு தரையில் கிடப்பதைப் பார்த்ததும் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்து வெர்னாவின் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கினான். அவள் விடவில்லை. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள்.

"விடு! கைய உடைச்சிருவேன்!"

"உடை. கை போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்." அவள் ஸ்பானரை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "எமில் பொண்டாட்டிக்குப் போச்சே, அது நான் போட்ட ஓட்டை. அவரு கேட்டாரு, நான் போட்டேன். இப்பவும் அந்தம்மா தேவாலயத்துல இடது கையாலதான் எனக்குக் கை கொடுக்குது. பக்கத்து சீட்டுல இவதான உக்காரப் போறா?"

நாடீன் கைத்துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அவ சொல்ற இடத்துல வைங்க," என்றாள் கடைசியில்.

"நீயுமா?"

"அவ மேல பாசமெல்லாம் ஒண்ணும் பொங்கல. ஆனா பழைய இடத்துலயே இருந்தா நான் வண்டியில ஏற மாட்டேன். தனியாப் போங்க."

டெல்பர்ட் ஸ்பானரை விட்டுவிட்டுக் கொட்டகைக்குள் போனான். உள்ளே எதையோ உதைக்கும் சத்தம் கேட்டது.

வெர்னா சரியான இடத்தை அளந்து புதுத் துளைகள் போட்டாள். போல்ட்டை முறுக்க மேலே ஒருவர் பிடிக்க வேண்டும், கீழே ஒருவர் திருப்ப வேண்டும். வெர்னா வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். நாடீன் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். "பிடி." "பிடிச்சிருக்கேன்." "அடுத்தது." இரண்டு மணி நேரத்தில் அக்காளும் தங்கையும் பேசியது அவ்வளவுதான். தட்டு அச்சுக்கு முன்னால் இரண்டு அங்குலத்தில் உட்கார்ந்தது.

கிளம்பும்போது வெர்னா கொட்டகையைப் பார்த்துக் கத்தினாள். "ஒடிச்சுத் திருப்பாத! மூலை இடிக்கும். பின்னால எடுக்கறப்ப யாரையாவது எறங்கிப் பாக்கச் சொல்லு!"

பத்து நாள் கழித்து டெல்பர்ட் பட்டறைக்கு வந்தான். கையில் இருந்த காகிதப் பையை மேசைமேல் கவிழ்த்தான். உடைந்த கண்ணாடித் தூள் சரசரவென்று கொட்டியது.

"இந்தா, உன் ரெண்டு அங்குலம். முகாம் மைதானத்துல பின்னால எடுத்தேன். ட்ரெய்லர் மூலை கேபினுக்குள்ளயே வந்துருச்சு. அத்தனை பேரும் நின்னு சிரிச்சானுங்க."

"யாராவது எறங்கிப் பாத்தாங்களா?"

"உன்னைக் கேட்டனா?"

"கண்ணாடிதான போச்சு? பெருக்கிட்டுப் போ."

அவன் பெருக்கவில்லை. பட்டறைப் பக்கமும் அதற்குப் பிறகு வரவில்லை. வழியில் எதிர்ப்பட்டால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போனான்.

இலையுதிர்காலத்தில் தேவாலய விருந்தில் நாடீன் வெர்னாவின் எதிரே தட்டோடு வந்து உட்கார்ந்தாள். முட்டைக்கோசும் இறைச்சியும் வைத்த பன்னைப் பிய்த்து, தின்னாமலே வைத்திருந்தாள்.

"அந்தக் கொலராடோ இறக்கத்துல," என்றாள் தலை நிமிராமல், "பக்கவாட்டுல அடிச்சுது பாரு காத்து. முன்னால போன வண்டி ஒண்ணு கவுந்து கெடந்துச்சு. அவரு ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கப் பிடிச்சிருந்தாரு. நம்ம வண்டி நேராப் போச்சு."

வெர்னா மென்றுகொண்டிருந்தாள்.

"நன்றி சொல்ல வந்தேன்னு நெனச்சுக்காத," என்றாள் நாடீன்.

"நெனக்கல."

"அவரும் உன்னை மன்னிக்கப் போறதில்ல."

"வேண்டாம்னு சொல்லு."

நாடீன் எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டாள். வெர்னா மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, இன்னொரு பன் எடுத்துக்கொள்ளப் போனாள்.