டோர்போர்க்கின் காற்று

டோர்போர்க்கை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவில் எங்கள் ஆய்வு நிலையத்துச் சமையற்காரன் நான். அவள் காற்றில் கலந்திருக்கும் மாசை அளப்பவள். மேட்டின்மேல் உள்ள மரக்குடிலில் அவளுடைய கருவிகள் ஓயாமல் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். அதில் என் அடுப்படி வாடை கலந்துவிட்டால் போச்சு, ரேடியோவில் வந்துவிடுவாள்.

"யூஸ்டைன், மீன் வறுக்கிறியா?"

"பின்ன? இத்தனை பேரும் பச்சையாவா திம்பாங்க?"

"காத்து உன் பக்கமிருந்து மேல வருது. வறுக்கிறத நிறுத்து. அவிச்சுப் போடு."

அவித்த மீனைத் தின்று நாக்குச் செத்துப்போனவர்கள் என்னைத்தான் திட்டுவார்கள். அவளை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

வடக்கு நார்வேயில் ஒரு மீன்பிடி ஊர் அவளுக்கு. அப்பாவின் படகில் டீசல் என்ஜின். "அந்தப் புகையிலயே வளந்தேன், போதும்" என்பாள். மின்வேலை படித்துவிட்டு ஒரே ஒரு குளிர்காலத்துக்கு என்று வந்தவள் இங்கேயே தங்கிவிட்டாள். கட்டிக்கொண்டவனும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தெற்கே கிளம்பிவிட்டான். சிகரெட் பற்றவைக்கக்கூடக் காற்றின் திசை பார்க்க வேண்டுமென்றால் எவன் இருப்பான்?

வாரம் ஒருமுறை கண்ணாடிக் குப்பியில் காற்றுப் பிடிப்பாள். குடிலைத் தாண்டிக் கடல் பக்கமாக, காற்றுக்கு எதிர்முகமாக நடப்பாள். கையுறையைக் கழற்றி, மூச்சை அடக்கிக்கொண்டு குப்பியின் திருகைத் திறந்து மூடுவாள். தன் மூச்சே உள்ளே போய்விடக் கூடாதாம். பனியில் ஓடும் ஸ்னோ ஸ்கூட்டர் புகை விடும் என்பதால் அந்தப் பக்கம் அதற்கு இடமில்லை. எல்லைக்கு நட்டிருக்கும் சிவப்புக் கம்புகளைத் தாண்டினால் யாராக இருந்தாலும் நடைதான்.

போன ஏப்ரலில் தெற்கேயிருந்து ஆய்வாளர்கள் ஒரு கூட்டமாக வந்திறங்கினார்கள். தூர தேசத்துத் தொழிற்சாலைப் புகை கடல் தாண்டி எங்களிடம் வந்துசேரும் பருவம் அது. அதை அளக்கத்தான் வந்தார்கள். ஒரு மத்தியானம் நான் பட்டாணிச் சூப் கிளறிக்கொண்டிருந்தபோது நிலையத் தலைவன் எய்லர்ட் உள்ளே வந்தான்.

"டோர்போர்க் வழுக்கி விழுந்துட்டா. கணுக்கால் உடைஞ்சிருக்கும் போல. சறுக்குவண்டிய இழுத்துட்டு நடந்து போறோம், நீயும் வா."

"நடந்தா? ஸ்கூட்டருக்கு என்ன கேடு?"

"காத்து கடல் பக்கமிருந்து அடிக்குது. இப்ப என்ஜின் போனா எல்லா அளவும் கெட்டுடும்."

"கையுறை போட்டிருக்காளா?"

எய்லர்ட் தரையைப் பார்த்தான். "காத்துல பறந்துடுச்சாம்."

"நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று கரண்டியைப் பானைக்குள் எறிந்துவிட்டு வெளியே ஓடினேன். சறுக்குவண்டியை ஸ்கூட்டரின் பின்னால் மாட்டிக்கொண்டு, சிவப்புக் கம்புகளை விழத்தட்டிக்கொண்டு போனேன். தடுக்க ஓடிவந்த ஆய்வாளன் ஒருவனைக் கேட்கக் கூசும் வார்த்தையால் திட்டியதும் நினைவிருக்கிறது.

பாறை ஓரத்தில் கிடந்தாள். வெறுங்கை நீட்டியபடி இருந்தது. குப்பியின் திருகு உடைந்துபோயிருக்க, அதன் வாயைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் அடைத்துப் பிடித்திருந்தாள். விரல்கள் மெழுகாய் வெளுத்திருந்தன.

"என்ஜின அணை" என்றாள். அதுதான் முதல் பேச்சு.

"உன்ன சாகவிடப் பாத்தான் எய்லர்ட். அவனுக்கு இருக்கு."

"அவன் மேல தப்பில்ல. ஸ்கூட்டர் வேணாம்னு ரேடியோல நான்தான் சொன்னேன்."

எனக்குத் தலை கொதித்துவிட்டது. "ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? இந்தக் கை போனா உனக்கு மறுபடி முளைக்குமா?"

"விரல எடுத்தா காத்து போயிடும், யூஸ்டைன்."

அந்தக் குப்பியை அவள் கையிலிருந்து பிடுங்கிப் பாறையில் ஓங்கி அடித்தேன். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். கால் வலிக்கு அழவில்லை, பாவி, குப்பிக்கு அழுதாள். அந்தக் கையை என் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். பனிக்கட்டியை வைத்தது போலிருந்தது.

ஹெலிகாப்டர் வந்து அவளைக் கொண்டுபோனது. சாப்பாட்டு மேசையில் ஆய்வாளர்கள், "ஒரு நாள் அளவு பூரா வீணாப்போச்சு" என்று புலம்பினார்கள். அடிப்பிடித்த பட்டாணிச் சூப்பை அப்படியே அவர்களுக்கு ஊற்றினேன்.

குளிரில் செத்துப்போன அந்த இரண்டு விரல்களையும் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். இலையுதிர் காலத்தில் திரும்பி வந்தாள். வந்ததும் வராததுமாக ரேடியோவில், "வெங்காயம் வதக்குறியா?" என்றாள். அடுப்பை அணைத்தேன், அணைத்ததற்காக என்மேலேயே ஆத்திரம் வந்தது.

மிச்ச விரல்களால் அவளால் திருகைத் திறக்க முடியவில்லை. உதவ எத்தனையோ பேர் முன்வந்தார்கள். "குப்பிய உடைச்சவன் வரட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது வாரம் ஒருமுறை, அடுப்பை விட்டுவிட்டு அவளோடு கடல் பக்கம் நடக்கிறேன். கையுறையைக் கழற்றுகிறேன். என் விரல்கள் விறைக்கும்போது அவளுடைய குறைப்பட்ட கை பக்கத்திலேயே நிற்கும். அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத் தோன்றும். எப்படிக் கேட்பது? குப்பி திறந்திருக்கிறது, மூச்சுவிடக் கூடாது.