இரண்டு நெல் நின்ற வயல்

கீழ்வேளூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது உபதேசியார் களத்தில், நெல் குவியலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். கூலி வேலைக்குப் போன எந்த ஊரிலும் ஒரு போகத்துக்கு மேல் தங்கியதில்லை. இந்த வயலை விட்டு வருவது மட்டும் கஷ்டமாக இருந்தது.

சாமியார் வராத ஞாயிறுகளில் மாதா கோயிலில் ஜெபம் நடத்துவார் உபதேசியார்; மற்ற நாளெல்லாம் குத்தகை வயல். முந்தைய சம்பாவைக் குலைநோய் தின்றிருந்தது. கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்து, உள்ளே வெறும் பதர். இன்னொரு சம்பாவும் போனால் குத்தகை கைவிட்டுப் போகும். அதனால் வேளாண்மை அலுவலர் சொன்னபடி, விலை போகும் சன்ன நெல்லையும் நோய் தாங்கும் மோட்டா நெல்லையும் வரிசை மாற்றி வரிசை நட்டார். காற்றில் வரும் பூஞ்சாணம் மோட்டாவில் விழுந்தால் அங்கேயே அடங்கிவிடும், அடுத்த சன்ன வரிசைக்குத் தாவாது என்று அலுவலர் சொல்லியிருந்தார்.

"என்ன உபதேசியாரே, ஊருக்கெல்லாம் ஒரே சாமின்னு சொல்லிட்டு, உங்க வயல்ல மட்டும் ரெண்டா?" என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

"சாமிக்குக் குலைநோய் வராதுய்யா," என்றார் அவர்.

மார்கழிப் பனியில் குலைநோய் பரவி, சுற்றியிருந்த வயல்களெல்லாம் கருகின. எங்கள் வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி, அவ்வளவுதான். கதிர் முற்றித் தலை சாய்த்தது. சாப்பாட்டுக்குக்கூட அவர் வரப்பை விட்டு வரவில்லை.

வரிசை வரிசையாகக் கையால் அறுத்து, இரண்டையும் பிரிப்பதாக இருந்தோம். ஆள் கிடைக்கவில்லை. நாங்கள் இருவருமே அரிவாளோடு இறங்கினோம். ஒரு மூலை முடியுமுன் கிழக்கே வானம் கறுத்தது. நனைந்து சாய்ந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். அறுவடை மெஷினைக் கூப்பிட்டார். அது வரிசை பார்க்குமா? எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டுப் போனது.

நெல் வியாபாரி ஒரு கை அள்ளிப் பார்த்தார். "ஒண்ணு வேகறதுக்குள்ள இன்னொண்ணு குழைஞ்சிடுமேங்க. கோழித் தீவனத்துக்குன்னா எடுத்துக்கறேன்." கொள்முதல் நிலையத்திலும் கலப்பு என்று திருப்பிவிட்டார்கள். தீவன விலை குத்தகைக்குக் காணாது. நிலத்துக்காரர் சிங்கப்பூரிலிருந்து போனில் பேசினார். உபதேசியார் "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நோயை ஜெயிச்சிட்டோம்ல தம்பி?"

பையை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கீழ்வேளூரில் ஓர் அறுவடை மெஷினில் உதவியாளாகச் சேர்ந்தேன். முதல் வயலில், "இது என்ன ரகம்ண்ணே?" என்று கேட்டேன்.

"இந்தப் பக்கம் பூராவும் ஒரே ரகந்தான். கேள்வி கேக்காம சாக்கைப் பிடிப்பா," என்றார் டிரைவர்.

பிடித்தேன். விழுந்ததில் பாதி பதர். வயல் முடிந்துவிட்டது, சாக்குகள் நிறையவில்லை.