மண்ணூரை அழித்த விரல்

ஒரு சின்னப் பெட்டியின் மூலை வட்டமாக இருக்க வேண்டுமா, சதுரமாக இருக்க வேண்டுமா என்று இரண்டு பேர் ஒரு மதியம் முழுக்கப் பேசியதை நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கண்ணாடி அறை, ஏசி, தட்டு நிறைய பிஸ்கட். ஒருவர் சென்னையிலிருந்து வந்த சாப்ட்வேர்காரர். இன்னொருவர் எங்கள் ஹெச்.ஆர். மேனேஜர். மூன்றாவது ஆள் நான். அந்தப் பெட்டியைத் தினமும் பயன்படுத்தப் போகிறவன் என்பதால் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் பேசியிருக்க மாட்டேன். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் எனக்குக் காது சூடாகிவிடும்.

ஒரகடத்தில் காருக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் போக்குவரத்து மேசை என்னுடையது. மறுநாள் காலை ஷிப்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்று பார்த்து, எந்த வேன் எந்தெந்த ஸ்டாப்பில் நிற்க வேண்டும் என்று மாலைக்குள் டிரைவர்களுக்குச் சொல்ல வேண்டும். காண்ட்ராக்ட் ஆட்கள் தினமும் மாறுவார்கள், அதனால் ஸ்டாப்பும் மாறும். பல வருடமாக அதை வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். புரியவில்லை என்று எந்த டிரைவரும் வந்து நின்றதில்லை.

அது அசிங்கமாக இருக்கிறது என்று மேனேஜருக்குத் தோன்றியது. கம்பெனி ஆட்கள் பேசிக்கொள்ளும் சாட் ஆப்பிலேயே ஒரு மெனு வைத்துவிடலாம் என்றார். ஊர்ப் பெயரின் முதல் எழுத்துகளை ஆங்கிலத்தில் அடித்தால் கீழே பட்டியல் விழும். வேண்டியதைத் தொட்டால் அது ஒரு சின்னப் பெட்டியாகி மேலே போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி எத்தனை ஊர் வேண்டுமானாலும் சேர்த்துக்கொண்டு ஒரே தட்டில் டிரைவருக்கு அனுப்பலாம். இதைச் செய்ய அந்தச் சாப்ட்வேர்காரர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். பெட்டியின் நிறத்துக்கு மட்டும் இரண்டு நாள். கடைசியில் மங்கலான ஊதாவைத் தேர்ந்தெடுத்து, தானே பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் தள்ளி நின்று பார்த்தார்.

"எப்படி இருக்கு அங்கிள்?" என்றார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் சின்னவர். அங்கிளாம்.

"நல்லா இருக்கு சார்."

ஊர்ப் பெயர்களை அவர் மேப்பிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார். சிங்கப்பெருமாள் கோவிலை இந்தப் பக்கத்தில் யாரும் முழுசாகச் சொல்வதில்லை, எஸ்.பி. கோயில்தான். அதை அடித்தால் பட்டியல் காலியாக நிற்கும். ஸ்ரீபெரும்புதூர் இன்னும் மோசம். எனக்குப் பள்ளிக்கூடத்தில் 'தூ' என்றால் ஆங்கிலத்தில் டி.எச். போடச் சொல்லிக் கொடுத்தார்கள். என் கை அப்படியே பழகிவிட்டது. மேப்பில் டி.எச். கிடையாது. இதை எப்படியோ வாய் திறந்து சொன்னபோது, "ஸ்பெல்லிங் மட்டும் கரெக்டா போட்டுட்டா போதும் அங்கிள், மீதிய அது பாத்துக்கும்" என்றார். தண்டலத்தை 'தந்தலம்' என்று சொல்லும் வாய் அது. எனக்கு ஸ்பெல்லிங் சொல்லித் தந்தது.

திங்கட்கிழமை மெனு வேலைக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை காலை மண்ணூரிலிருந்து வரும் ஒரு பெண் ஷிப்டுக்குத் தாமதமாக வந்தாள். அசெம்பிளி லைனில் காண்ட்ராக்டில் இருந்தாள், சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. புதன்கிழமையும் தாமதம். அன்று நேராக என் மேசைக்கு வந்தாள்.

"இன்னாண்ணா இது, வேன் நிக்காமயே போய்க்கினு கீது. கைய காட்டிக்கினே நிக்கிறேன், டிரைவரு மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கினு போறாரு. நான் இன்னா அவருக்குப் பொண்ணு பாக்கவா நிக்கிறேன்?"

டிரைவரைக் கேட்டேன். "லிஸ்ட்ல மண்ணூரு இல்லப்பா. இல்லாத எடத்துல நிறுத்துனா ஆபீஸ்ல ட்ரிப் காச கட் பண்ணிடுறாங்க. லிஸ்ட்ட அனுப்புறது நீ, கேக்குறது என்னையா?" என்றார்.

மண்ணூரைப் போட்டது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று மாலையும் போட்டேன். வியாழக்கிழமை காலையும் வேன் நிற்கவில்லை. மூன்றாவது லேட். அவளுடைய கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டு, முடிவு சொல்லும்வரை வெளியே இரு என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். "டிசிப்ளின் இஷ்யூ" என்றார் மேனேஜர். காலை ஐந்து மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் கையைக் காட்டிக்கொண்டு நிற்பவளுக்கு டிசிப்ளின் இல்லையாம். ஒன்பதரைக்குக் காரில் வந்து இறங்குகிறவர் சொன்னார்.

வியாழன் மாலை, வழக்கம்போல் விசைகளைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே செய்தேன். தண்டலம் ஒட்டிக்கொண்டது. மண்ணூர் ஒட்டிக்கொண்டது. அடுத்து ஸ்ரீபெரும்புதூர். பாதியில் நிறுத்திப் பட்டியலைத் தொடாமல் முழுப் பெயரையும் அடித்துவிடும் என் கை டி.எச். போட்டது. பட்டியல் காலி. அடித்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். எல்லாம் போன பிறகு ஒரு முறை கூடுதலாக அழுத்தினேன். அது என் வழக்கம். கேஸை மூடிய பிறகும் குமிழை இன்னொரு முறை திருகிப் பார்க்கிற ஆள் நான். அந்தக் கூடுதல் அழுத்தலுக்கு ஊதா நிற மண்ணூர் சத்தமில்லாமல் காணாமல் போனது.

எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கும்போது அழித்தால், கடைசியாகச் சேர்த்த ஊரை அந்த மெனு தூக்கி எறிந்துவிடுகிறது. வேன் வழியில் மண்ணூர் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருக்கிறது. அந்தப் பெண் செய்த குற்றம் அவ்வளவுதான்.

மண்ணூரைத் திரும்பச் சேர்த்து லிஸ்ட்டை அனுப்பினேன். கேட் பாஸ் இல்லாதவளுக்கு வேன் நின்று என்ன பயன்? மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால், அழித்தது உன் விரல்தானே என்பார். உண்மையும் அதுதான். இரண்டு முறை அவர் அறை வாசல்வரை போனேன். ஒரு முறை போனில் இருந்தார். இன்னொரு முறை சும்மாதான் இருந்தார், நான்தான் திரும்பினேன். வெள்ளிக்கிழமை முழுதும் அப்படியே போனது. வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் அவள் சாப்பாட்டுக் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். டீ குடிக்க நான் பின்பக்கமாகப் போனேன்.

சனிக்கிழமை பிளான்ட் ஹெட்டுக்கு அந்த மெனுவைக் காட்டும் கூட்டம். சாப்ட்வேர்காரர் அரை மணி நேரம் பேசினார். எத்தனை எழுத்து மிச்சம், எத்தனை நிமிடம் மிச்சம், எத்தனை தாள் மிச்சம். பிறகு என்னைக் கைகாட்டி, "நம்ம அங்கிளே ஈசியா யூஸ் பண்றார் சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உண்டியல் குலுக்கும் குரங்கைக் காட்டுவதுபோல் காட்டினார். விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார்.

பேச்சு வரவில்லை. கை வந்தது. தண்டலம் போட்டேன். மண்ணூர் போட்டேன். டி.எச். போட்டு ஸ்ரீபெரும்புதூரை அடித்தேன். காலி. அழித்தேன், கூடுதலாக ஒன்று. பெரிய திரையில் மண்ணூர் போனது. யாரும் கவனிக்கவில்லை. மேப் சொல்கிறபடி ஸ்ரீபெரும்புதூரைப் போட்டு விசைப்பலகையைத் தள்ளி வைத்தேன்.

"பாத்தீங்களா சார், எவ்ளோ ஸ்மூத்" என்றார் சாப்ட்வேர்காரர்.

"மண்ணூரு எங்க சார்?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

இன்னொரு முறை செய்யச் சொன்னார் பிளான்ட் ஹெட். செய்தேன். திரும்பவும் போனது.

"அது ஃபீச்சர் சார்" என்றார் சாப்ட்வேர்காரர். "எல்லா பெரிய ஆப்லயும் இப்படித்தான் இருக்கும். அங்கிள்தான் எக்ஸ்ட்ராவா அடிக்கிறார்."

"ஆமா சார், நான்தான் அடிச்சேன். திங்கள்லேருந்து மூணு நாளும் அடிச்சேன்" என்றேன். "மண்ணூர்லேருந்து வர்ற பொண்ணுக்கு அதுலதான் மூணு லேட். கேட் பாஸ வாங்கிட்டாங்க."

பிளான்ட் ஹெட் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் பிஸ்கட் தட்டைப் பார்த்தார். மூன்று லேட்டையும் எடுக்கச் சொல்லி, கேட் பாஸை உடனே கொடுக்கச் சொன்னார் பிளான்ட் ஹெட். அந்த ஃபீச்சரைச் சாப்ட்வேர்காரர் அங்கேயே உட்கார்ந்து எடுத்தார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. நிறத்துக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டவர்.

கேட் பாஸை நானே எடுத்துக்கொண்டு போனேன். அவள் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"இது உனுக்கு எப்பண்ணா தெரியும்?"

"வியாழக்கிழம சாயந்தரம்."

"நேத்து நான் இங்கதான நின்னுக்கினு இருந்தேன். டீக்குப் பின்னாடி வழியா போனியே, நான் பாத்தேன்."

கூடையை எடுத்துக்கொண்டு லைனுக்குப் போய்விட்டாள். இப்போதும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள். வேன் நின்றதா என்று நான் கேட்டால் மட்டும் டிரைவரைக் கேட்கச் சொல்கிறாள்.