கட்டைவிரலுக்கு ஒரு வேலை

பாளையங்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கணினியில் தட்டுவது முழுக்க நான்தான். போன வருஷம் ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் குவிகிற நேரத்தில் வலது சுண்டுவிரலை மடக்க முடியாமல் வலித்தது. "டைப் அடிக்கிறதக் கொஞ்ச நாள் விடுங்கம்மா" என்றார் டாக்டர். விட்டால் கடைக்குப் பூட்டுதான். எனக்கோ சும்மா இருக்கச் சொன்னாலே கோபம் வரும். விரல் எட்டி ஓடாதபடி விசைகளைப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

இணையத்தில் வெளிநாட்டுக்காரர் ஒருவரின் வரைபடம் கிடைத்தது. அநாவசிய விசைகளையெல்லாம் கழித்துவிட்ட குட்டி விசைப்பலகை. பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. என் வீட்டுக்காரர் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் கட்டுகிறவர், ஈயம் பற்றவைப்பது கைவந்த வேலை. வடிவமைப்பு என் பொறுப்பு. உள்ளங்கையை இடியாப்ப மாவில் தொட்டு அட்டையில் பதித்து, விரல் பட்ட இடங்களில் கட்டம் போட்டேன். அவர் அலுமினியத் தகட்டில் சதுரம் சதுரமாக அறுத்து, ஸ்விட்சுகளைப் பொருத்தி, மோட்டார்க் கம்பியின் பூச்சைச் சுரண்டி ஒவ்வொன்றாக ஒரு சின்னச் சர்க்யூட் பலகையோடு இணைத்தார்.

'திருமண அழைப்பிதழ்' என்று தட்டினேன். அப்படியே திரையில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து 'பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டபடி'. 'பெரி'யோடு விரல் நின்றுவிட்டது. ய இல்லை. தேடினால் ச-வும் இல்லை, ஞ-வும் இல்லை. ஆங்கில விசைப்பலகையில் வலது ஓரம் அடைப்புக்குறியும் மேற்கோள்குறியும் இருக்கிற இடம். வரைபடம் போட்ட வெளிநாட்டுக்காரருக்கு அது அநாவசியம். நான் தட்டும் தமிழ் முறையில் இந்த மூன்று எழுத்தும் அங்கேதான் இருக்கின்றன. தினமும் தட்டுகிற எனக்கு அது உறைக்கவே இல்லை. அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்காரர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏளா, இந்த மூணையும் எந்த வெரல்ல தட்டுவ?"

"சுண்டுவெரல்லதான்."

"அதான் வலிக்கி. கட்டவெரலு ரெண்டும் சும்மாத்தான கெடக்கு? அதுக்குக் குடுத்துருவோம்." கொஞ்சம் யோசித்து, "ஞ-வ வேணா விட்ருவமா?" என்றார்.

"பாதி முகூர்த்தம் ஞாயித்துக்கிழமைலதான வருது?"

அவர் கீழ்ப்பக்கம் இன்னும் மூன்று சதுரம் அறுத்தார். கட்டைவிரல்கள் எழுத்தே தட்டிப் பழகாதவை. முதல் வாரம் தடுமாறின. ஒரு மாப்பிள்ளை 'செல்வன்' என்பதற்குப் பதில் 'யெல்வன்' ஆகிவிட்டார். அச்சுக்குப் போவதற்குள் நல்லவேளை கண்ணில் பட்டது.

மிச்சமிருந்த ஆவணிப் பத்திரிகைகள் அத்தனையும் அதில்தான் அடித்தேன். கூட்டம் ஓய்ந்த பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, "இப்ப வெரலு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"எந்த வெரலு?" என்றேன். அவர் சிரித்த பிறகுதான் எனக்கு ஞாபகமே வந்தது.