நான்கு கேமராவுக்கு ஒதுக்கிய இடம்

சேமிப்பக ஒருங்கிணைப்பாளர்: எல்லாத் துறையினரோடும் இணக்கமாகப் பழகி, கேட்டவர்க்கு டிஸ்க்கில் இடம் தருபவர். நாடகங்களை வீடியோ எடுக்கும் அந்த நிறுவனத்தின் அறிமுகப் பக்கத்தில் அண்ணியைப் பற்றி இப்படித்தான் போட்டிருக்கிறது. எழுதியவர் அண்ணியிடம் ஒரு தடவையாவது இடம் கேட்டுப் பார்த்திருக்கலாம்.

அலுவலகமே அவளை அண்ணி என்றது. காரணம், அங்கே எடிட்டராக இருந்த அவள் கொழுந்தன். வீட்டில் இருவரும் முகம் பார்க்காமல் சாப்பிட்டார்கள். அலுவலகத்தில் முகம் பார்த்துச் சண்டை போட்டார்கள். வாங்க, போங்க மட்டும் குறையவில்லை.

போன நாடகத்தில் படம் திக்கியது. முதலாளி அண்ணியைத்தான் பிடித்தார்: இன்னொரு முறை திக்கினால் வேலை கிடையாது. நான்கு கேமராவும் ஒரே டிஸ்க்கில் ஒரே சமயத்தில் எழுதுகின்றன. கவனிக்காமல் விட்டால் ஒவ்வொன்றும் கிடைத்த சந்தில் துண்டு துண்டாகப் புகுந்துகொள்ளும். ஒரு குடும்பத்தை ரயிலில் பெட்டிக்கு ஒருவராக உட்காரவைத்த மாதிரி. துண்டுகளைத் தேடி ஓடியே டிஸ்க்குக்கு மூச்சு வாங்கும். அதனால் அண்ணி ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு பெரிய வெற்று ஃபைலைப் போட்டு, தொடர்ச்சியான இடத்தை முன்பே பிடித்துவைத்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "சொன்னா மட்டும் வெளங்கிடுமா?" என்றாள்.

அடுத்த நாடகத்தன்று மதியம் பார்த்தால், வெற்று ஃபைல்களில் ஒன்றுகூட இல்லை. அந்த இடம் முழுக்கக் கொழுந்தனின் வேலைகள் இறைந்து கிடந்தன.

"எங்க தம்பி அதெல்லாம்?"

"தொறந்து பாத்தேன் அண்ணி, உள்ள ஒண்ணுமே இல்ல. சும்மா கெடக்குதேன்னு அழிச்சுட்டேன்."

"உள்ள ஒண்ணுமில்லாததையெல்லாம் அழிக்கணும்னா, மொதல்ல உங்க தலையிலேர்ந்து ஆரம்பிச்சிருக்கணும்."

"எதுக்கு வச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொறஞ்சா போயிருப்பீங்க?"

கேள்வி நியாயமாக இருந்ததால் அவளுக்கு இன்னும் ஆத்திரம் பொங்கியது. சத்தம் கேட்டு முதலாளி எட்டிப் பார்த்தார்.

"அவனோடத அழிச்சிடும்மா. சாயங்காலம் ரெக்கார்டிங் ஒழுங்கா நடக்கணும். இல்லேன்னா நீ கெளம்பலாம்."

கொழுந்தனுக்கு முகம் வெளுத்தது. பல மாத எடிட்டிங். வேறெங்கும் நகல் இல்லை.

"அண்ணி, வேணாம் அண்ணி..."

"இப்ப மட்டும் அண்ணியா? போய் உக்காருங்க. என் மூஞ்சில முழிக்காதீங்க."

அழிப்பது நொடி வேலை. நகலெடுப்பது நாடகம் தொடங்கும்வரை இழுக்கும். தாண்டினாலும் தாண்டும், தாண்டினால் போவது அவள் வேலை.

அவனை வாய்நிறையத் திட்டிக்கொண்டே அண்ணி அவன் ஃபைல்கள் அத்தனையையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றினாள். நடிகர்கள் மேடையேறுவதற்குள் நான்கு கேமராவுக்கும் மறுபடி இடம் பிடித்தாள். படம் திக்காமல் பதிவானது. மறுநாள் காலை வந்ததும் முதல் வேலையாக, கேமரா டிஸ்க்கில் எழுதவும் அழிக்கவும் அவனுக்கு இருந்த அனுமதியை நீக்கினாள்.